அன்னபூரணியின் நெடும்பயணம்

சென்னை மாநகருக்கு மேற்கே, பூவிருந்தவல்லிக்கு அண்மையில் செம்பரம்பாக்கம் ஏரி அமைந்துள்ளது. கார்த்திகைத் திங்களில் மழை நன்கு பெய்து, ஏரி தன் முழு அளவாகிய 24 அடிக்கு நிரம்பி நிற்கும்போது, அதன் கரைமீது நின்று நோக்குவோர் உள்ளம் வியப்பால் விரியும். எதிர்க்கரையில் நிற்கும் மரங்கள் சிறு கோடுகளாகத் தோன்றும். படகு ஒன்றில் ஏறி அவற்றை நோக்கிச் செலுத்தினால் அக்கரையை அடைந்துவிடலாம் என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. கரை கண்ணுக்குத் தெரிகிறதன்றோ!

மாணவர்களே, கரை கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பரப்பை இப்போது எண்ணிப் பாருங்கள். நம் கண் நீர்மட்டத்திற்கு மேல் ஐந்தடி உயரத்தில் இருந்தால், உலகம் உருண்டையாக இருத்தலின், ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் தொலைவு வரைதான் கடற்பரப்பைக் காண இயலும். பசிபிக் மாகடலோ உலகப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கை மூடியுள்ளது. அதன் நடுவே, நான்காயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு சிறு தீவை நோக்கிப் பாய்மரக்கலம் ஒன்று புறப்படுகிறது என்று கொள்வோம். திசையில் ஒரே ஒரு பாகை பிழைத்தால், கலம் அத்தீவுக்கு எழுபது கிலோமீட்டர் விலகிச் சென்றுவிடும். அப்பால் மீண்டும் நீரே. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீரே. குடிநீர் தீர்ந்துபோன மாலுமிக்கு அப்பிழை உயிரையே பறிக்கும் பிழையாகும்.

இத்தகைய கடலைக் கடந்து, பொலினீசியத் தீவுகளுள் ஒன்றாகிய தாகித்தியை நோக்கி 1938-ஆம் ஆண்டில் ஒரு கலம் சென்றது. அது தமிழர் கையால் ஆகிய கலம் என்பதை நம்மில் பலர் அறியார். அதன் வரலாற்றையும், அது சென்றடைந்த தீவுகளின் மக்கள் கற்றிருந்த கடற்கலையையும் இப்பாடத்தில் காண்போம்.

இலங்கையின் வடகரையில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ளது வல்வெட்டித்துறை. வல்வை என்றும் அதனை அழைப்பர். அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் கடலோடிகள். தம் கடற்கரையிலேயே கப்பல் கட்டி, பருவக்காற்றை அறிந்து பாய் விரித்து, தமிழகத் துறைமுகங்களுக்கும் பர்மாவுக்கும் சென்று வாணிகம் செய்தவர்கள். கலத்தை நடத்தும் தலைவனைத் தண்டையல் என்பது அவர்கள் வழக்கு. கல்லூரியில் பயின்ற பொறியாளர் அவர்களிடையே இல்லை. வரைபடம் எழுதி வைத்துக் கப்பல் கட்டும் வழக்கமும் இல்லை. மரத்தின் வளைவைக் கண்ணால் கண்டு, அது கலத்தின் எப்பகுதிக்கு உதவும் என்று சொல்லவல்ல மேத்திரிமார் இருந்தனர். அவர்கள் அறிவு கண்ணிலும் கையிலும் இருந்தது.

அங்குக் கட்டப்பட்ட கலங்களுள் ஒன்றுக்கு அன்னபூரணி என்று பெயர். 89 அடி நீளமும் இரண்டு பாய்மரங்களும் உடைய அழகிய கலம் அது. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் அதனைக் கண்டார். அவர் கடலை அறியாதவர் அல்லர். 32 அடி நீளமே உள்ள 'சுவாப்' என்ற சிறு பாய்க்கலத்தில் 1928 முதல் 1931 வரை உலகை வலம் வந்த பெருமை உடையவர். உலகத் துறைமுகங்கள் பலவற்றிலும் கலங்கள் பலவற்றைக் கண்டிருந்த அவருடைய மனம், வல்வைக் கலத்தின்மீது சென்றது. அதனை விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று அதற்குப் பெயரிட்டார்.

பெயர் மாறியதேயன்றி, அதனை நடத்தும் கைகள் உடனே மாறவில்லை. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வை மாலுமிகள் நால்வரும் அக்கலத்தில் பணிபுரிந்தனர். 1937-ஆம் ஆண்டில் கொழும்பை விட்டுப் புறப்பட்ட கலம், அரபிக் கடலையும் செங்கடலையும் கடந்து, சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலை அடைந்து, ஜிப்ரால்டரைத் தாண்டி அட்லாண்டிக் மாகடலில் இறங்கியது. அக்கடலின் காற்றும் குளிரும் அலையும் அம்மாலுமிகளின் முன்னோர் அறியாதவை. ஆயினும் கலம் தாங்கியது, மாலுமிகளும் தாங்கினர். 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்தில் அன்னபூரணி நங்கூரம் இட்டது. மீன்பிடி கலங்களுக்குப் பெயர்போன அவ்வூரார், கிழக்கிலிருந்து பாய் விரித்து வந்த கலத்தையும், அதில் வந்த தமிழரையும் வியந்து நோக்கினர். செய்தித்தாள்கள் அவ்வருகையைப் பற்றி எழுதின.

வல்வை மாலுமிகளின் கடமை அங்கு முடிந்தது. கலத்தின் பயணமோ முடியவில்லை. அதே ஆண்டில் அதனைப் பசிபிக் மாகடலில் உள்ள தாகித்தித் தீவுக்குக் கொண்டு செல்லும் பொறுப்பு, 22 வயதே நிரம்பிய ஸ்டெர்லிங் ஹைடன் என்னும் இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னாளில் திரைப்பட நடிகராகப் புகழ் பெற்ற அவருக்கு, தலைவராக நின்று நடத்திய முதற்கலம் இதுவே. குளோஸ்டரிலிருந்து தாகித்தி 7,700 மைல் தொலைவு. அத்தொலைவில் பனாமாவுக்கு அப்பால் உள்ள பகுதி மட்டும் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் ஆகும். அது முழுவதும் பசிபிக் மாகடலே.

அக்கடற்பகுதியில் ஆண்டின் பெரும்பகுதியும் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கித் தடக்காற்று என்னும் நிலையான காற்று வீசும். பின்னிருந்து வீசும் காற்று பாய்களை நிறைக்க, வாரக்கணக்கில் கலம் ஓடும். காலையில் கதிரவன் கலத்தின் பின்புறம் தோன்றுவான். மாலையில் முன்புறம் மறைவான். நடுப்பகலில் கதிரவனின் உயரத்தைக் கோணமானியால் அளந்து, நிலநடுக்கோட்டிலிருந்து கலம் எவ்வளவு தெற்கே உள்ளது என்று மாலுமிகள் கணிப்பர். கிழக்கு மேற்காக எவ்வளவு வந்துள்ளது என்பதை அறியப் பிழையாத கடிகாரம் வேண்டும். இக்கருவிகள் இருந்தும் மாலுமியின் அச்சம் தீருவதில்லை. தாகித்தியை அடையுமுன் துவாமோத்து என்னும் பவழத் தீவுக்கூட்டத்தைக் கடக்க வேண்டும். அத்தீவுகள் கடல்மட்டத்திற்கு மேல் சில அடி உயரமே உடையவை. அவற்றிலுள்ள தென்னைகளின் தலைகள் இருபது கிலோமீட்டருக்குள் வந்தாலன்றித் தெரியா. இரவிலோ அவையும் தெரியா. பவழப்பாறையில் அலை மோதும் ஓசை கேட்கும்போது கலத்தைத் திருப்ப நேரம் இராது. ஆகவே, தீவுகளை நெருங்கிவிட்டோம் என்ற ஐயம் எழுந்தால், அறிவுடைய தலைவன் பாய்களைச் சுருக்கி, விடியும்வரை காத்திருப்பான்.

தாகித்தி உயர்ந்த மலைத்தீவு. அதன் ஒரோகெனாச் சிகரம் 2,241 மீட்டர் உயரமுடையது. ஆயினும் தொலைவிலிருந்து வருவோருக்கு முதலில் தென்படுவது பெரும்பாலும் மலையன்று. மலைமேல் தங்கிய முகிலே. வானத்து மற்ற முகில்கள் காற்றோடு நகர்ந்துகொண்டிருக்க, ஒரு முகில் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். நேரம் செல்லச் செல்ல அதனடியில் நீலநிழல் ஒன்று திரளும். அந்நிழல் கரும்பச்சை மலையாகும். மலையில் பள்ளத்தாக்குகளும் வெள்ளி இழைபோன்ற அருவிகளும் தோன்றும். தீவைச் சுற்றிப் பவழப்பாறை அரண்போல் அமைந்திருக்க, அதன்மேல் அலைகள் வெண்ணுரையாகச் சிதறும். அவ்வரணில் ஆங்காங்கே இயற்கை வாயில்கள் உண்டு. அவ்வாயிலினுள் நுழைந்துவிட்டால், கொந்தளிப்பு அடங்கி, கலம் கண்ணாடிபோன்ற காயல்நீரில் மிதக்கும். பாப்பீத்தே துறைமுகம் அத்தகைய ஓர் அரணுக்குள் உள்ளது. இவ்வாறு, வல்வை மேத்திரிமார் செதுக்கிய பலகைகள் மூன்று மாகடல்களின் நீரைக் கண்டன.

கோணமானியும் கடிகாரமும் கொண்ட ஹைடனுக்கே இப்பயணம் அரியதாயின், அவை எவையும் இன்றி இத்தீவுகளை முதன்முதல் கண்டு குடியேறிய மக்களை என்னென்று புகழ்வது! வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூசிலாந்து, தென்கிழக்கே ஈஸ்டர் தீவு ஆகிய மூன்றையும் முனைகளாகக் கொண்ட பெரு முக்கோணமே பொலினீசியா. ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்னர் மேற்கே உள்ள தொங்கா, சமோவாத் தீவுகளை அடைந்த மக்களின் வழித்தோன்றல்கள், பல நூற்றாண்டுகளுக்குப் பின் கிழக்கு நோக்கிச் சென்று, கி.பி. 1300-ஆம் ஆண்டளவில் அம்முக்கோணத்தின் மூன்று முனைகளையும் எட்டிவிட்டனர். இரண்டு நீண்ட ஓடங்களை இணைத்துக் குறுக்கே பலகை பரப்பிய கலங்களில் அவர்கள் சென்றனர். தென்னை, சேப்பங்கிழங்கு, சீமைப்பலா, கோழி, பன்றி ஆகியவற்றையும் உடன் கொண்டு சென்றனர். புதிய நிலத்தில் வாழவேண்டும் என்று திட்டமிட்டுச் சென்றவர்களே இவற்றை ஏற்றிச் செல்வர்.

இங்கு ஒரு செய்தி நினைவிற் கொள்ளத்தக்கது. இவ்வாறு இரண்டு அடித்தளங்களை இணைத்து அமைத்த கலங்களை இன்று உலகத்தார் 'கேட்டமரன்' என்கின்றனர். அச்சொல் நம் சோழமண்டலக் கரையின் 'கட்டுமரம்' என்னும் சொல்லே. நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது. பொலினீசியர் கலம் வேறு அமைப்பினது. ஆயினும் தமிழ்ச்சொல் அதற்கும் பெயராகி உலகைச் சுற்றி வருகிறது.

கருவியின்றி அவர்கள் வழி கண்டது எங்ஙனம்? இரவில் விண்மீன்களே அவர்களுக்கு வழிகாட்டின. எந்த மீன் தொடுவானத்தில் எவ்விடத்தில் எழும், எவ்விடத்தில் விழும் என்பதை அவர்கள் மனனம் செய்திருந்தனர். ஒவ்வொரு தீவுக்கும் அதன் உச்சிக்கு நேரே செல்லும் மீன் உண்டு. நாம் சுவாதி என்று அழைக்கும் விண்மீன் ஹவாய்த் தீவின் தலைக்கு மேலாகச் செல்வது. வானில் மிகுந்த ஒளியுடைய சிரியசு தாகித்தியின் தலைக்கு மேலாகச் செல்வது. பகலில் கடலின் பேரலை ஓட்டத்தைக் கொண்டு திசை அறிந்தனர்; முகில் மூடிய இரவில், கலம் அலையில் ஆடும் ஆட்டத்தைத் தம் உடலால் உணர்ந்தே திசை கூறினர். நிலம் அருகில் உள்ளதென்பதைப் பறவைகள் உணர்த்தின. ஆலாப் பறவைகள் காலையில் தீவிலிருந்து கடலுக்கு இரைதேடப் புறப்பட்டு, மாலையில் கூட்டிற்குத் திரும்பும்; அந்தியில் அவை பறக்கும் திசையே நிலம் உள்ள திசை. காயல்நீரின் பசுமை மேலுள்ள முகிலின் அடிப்புறத்தில் பிரதிபலிப்பதும் ஓர் அடையாளம். அன்றியும், அவர்கள் ஒரு தனித்தீவைக் குறிவைப்பதில்லை. தீவுகள் வரிசையாகப் பரந்து கிடக்கும் பகுதியைக் குறிவைப்பர். பறவையும் முகிலும் ஒவ்வொரு தீவின் எல்லையையும் பல கிலோமீட்டர் அகலமாக்கிவிடும். இவ்வாறு சிறு புள்ளி பெரிய வலையாகும்.

நம் கடலோடிகளும் இத்தகைய அறிவு படைத்தவர்களே. துருவமீனின் உயரத்தை அளக்க இராப்பலகை என்னும் எளிய கருவியை அவர்கள் வைத்திருந்தனர். சிறு பலகை ஒன்றின் நடுவில் கயிறு கோத்து, அதில் முடிச்சுகள் இட்டிருப்பர். முடிச்சைப் பல்லிற் கடித்துக் கயிற்றை இழுத்துப் பிடிக்கும்போது, பலகையின் கீழ்விளிம்பு தொடுவானத்தையும் மேல்விளிம்பு துருவமீனையும் தொடுமாயின், அம்முடிச்சுக்குரிய துறைமுகத்தின் நேருக்குக் கலம் வந்துவிட்டது என்று அறிவர்.

இவ்வகை அறிவுக்கு ஒரு குறை உண்டு. அது ஏட்டில் எழுதப்படுவதில்லை. கற்றவன் இறந்தால் உடன் இறந்துபடும். 1769-ஆம் ஆண்டில் தாகித்திக்கு வந்த ஆங்கிலேயராகிய கேப்டன் குக், துப்பாயா என்னும் பொலினீசிய அறிஞரைத் தம் கப்பலில் ஏற்றிச் சென்றார். எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகளின் இருப்பிடத்தை அவர் கூறக் கேட்டு வரைபடம் வரையப்பட்டது. அடுத்த ஆண்டே துப்பாயா ஜாவாவில் நோயுற்று இறந்தார். ஐரோப்பியர் ஆட்சி பரவியபின் பொலினீசியாவில் நெடுங்கடற் பயணங்கள் அருகின. வழி காணும் கலையும் மறைந்தது. 1947-இல் நார்வே நாட்டினராகிய தோர் ஹையர்டால், பெரு நாட்டிலிருந்து 'கோன்-டிக்கி' என்னும் தெப்பத்தில் 101 நாள் மிதந்து சென்று துவாமோத்துத் தீவொன்றை அடைந்து, கிழக்கே உள்ள அமெரிக்காவிலிருந்தே மக்கள் அங்குச் சென்றிருக்கலாம் என்றார். ஆண்ட்ரூ ஷார்ப் என்னும் அறிஞர், பொலினீசியர் தொலைதூரத் தீவுகளைக் கண்டது தற்செயலே என்று 1956-இல் எழுதினார். தம் முன்னோர் கடலில் வழி தவறிக் கரை ஒதுங்கியவர்களே என்ற சொல்லை அம்மக்கள் கேட்க வேண்டியதாயிற்று. அதனை மறுத்துக் காட்ட அவர்களிடம் அக்கலை அறிந்தவர் ஒருவரும் எஞ்சியிருக்கவில்லை.

ஹவாய் மக்கள் சோர்ந்துவிடவில்லை. பழைய முறையில் 62 அடி நீளமுள்ள இரட்டைக்கலம் ஒன்றை 1975-இல் கட்டி முடித்து, 'ஹோக்குலேயா' என்று பெயரிட்டனர். மகிழ்ச்சி தரும் விண்மீன் என்பது அதன் பொருள். சுவாதி மீனுக்கு அவர்கள் இட்ட பெயர் அது. கலம் கிடைத்தது, வழி காண்போன் கிடைக்கவில்லை. தேடியபோது, மைக்குரோனீசியாவில் சதவால் என்னும் சிறு தீவில் மவ் பியாய்லுக் என்பவர் இருப்பதாக அறிந்தனர். இளமையிலிருந்தே பாட்டனாரிடம் கடற்கலை பயின்ற அவர் உதவ இசைந்தார்.

1976-ஆம் ஆண்டு மே முதல் நாள் ஹவாயை விட்டுக் கலம் புறப்பட்டது. திசைகாட்டியும் இல்லை, வரைபடமும் இல்லை. ஒரு திங்கள் கழிந்தது. ஆலாப் பறவைகள் தென்பட்டன. பின்னர் மத்தைவா என்னும் பவழத்தீவு தொடுவானத்தில் தோன்றிற்று. எங்கே தோன்றும் என்று மவ் எதிர்பார்த்தாரோ அப்பகுதியிலேயே தீவுகள் தோன்றின. ஜூன் 4-ஆம் நாள் கலம் பாப்பீத்தே துறைமுகத்தினுள் நுழைந்தபோது, 17,000 பேருக்கும் மேற்பட்டோர் கரையில் திரண்டு நின்றனர். அவர்கள் வரவேற்றது ஒரு கலத்தை மட்டுமா? தம் முன்னோர் வழி தவறியவர்கள் அல்லர், வழி கண்டவர்கள் என்ற உண்மையையன்றோ வரவேற்றனர்!

இவ்வெற்றிக்குப் பின் ஒரு பெருந்துயரமும் நேர்ந்தது. 1978-இல் மவ் உடன் இல்லாமல் புறப்பட்ட ஹோக்குலேயா, புயற்கடலில் கவிழ்ந்தது. உதவி அழைத்து வருவதற்காக எடி ஐக்காவ் என்னும் வீரர் அலைப்பலகை ஒன்றில் தனியே சென்றார். மற்றவர் காப்பாற்றப்பட்டனர், அவரோ மீளவில்லை. அதன்பின் நைநோவா தாம்சன் என்னும் இளைஞர் மவ்வை நாடி, தமக்குக் கற்பிக்குமாறு வேண்டினார். குலத்துக்குரிய அறிவைப் பிறருக்கு அளிப்பதா என்று மவ்வின் நாட்டில் சிலர் குறை கூறினர். மவ் வேறு விதமாக எண்ணினார். தம் தீவின் இளைஞர் இக்கலையை நாடவில்லை. பிறருக்கேனும் கற்பித்தால் அது உலகில் வாழும். அவர் கற்பித்தார். 1980-இல் நைநோவா கருவி ஏதுமின்றி ஹவாயிலிருந்து தாகித்திக்குச் சென்று மீண்டார். மவ் 2010-இல் மறைந்தார். அவர் அறிவு அவருடன் மறையவில்லை.

இதனை எண்ணும்போது நம் உள்ளம் அன்னபூரணியிடம் மீள்கிறது. வல்வையின் பாய்க்கப்பல் வாணிகம் இன்று இல்லை. தண்டையல் தம்பிப்பிள்ளை போன்றோர் நெஞ்சில் தாங்கிய கடலறிவில் எவ்வளவு நம்மிடம் எஞ்சியுள்ளது? கண்ணளவால் கலம் சமைத்த மேத்திரிமாரின் கலையில் எவ்வளவு எழுதி வைக்கப்பட்டது? அமெரிக்கரும் விரும்பி வாங்கிய கலத்தைப் படைத்த கலை, கற்பார் இன்மையால் அருகிப்போயிற்று. தாகித்தி வரை சென்ற கலம் தமிழ்ப்பெயரைத் தாங்கிச் செல்லவும் இல்லை.

ஆயினும் நம்மவர்க்கும் கடலுக்கும் உள்ள உறவு முற்றும் அற்றுவிடவில்லை. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், இந்தியக் கடற்படையைச் சேர்ந்த இரு பெண்மணிகள் 56 அடி நீளமுள்ள 'தாரிணி' என்னும் பாய்க்கலத்தில் கோவாவிலிருந்து புறப்பட்டனர். ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. இருவரும் உலகை வலம் வந்து 2025-ஆம் ஆண்டு மே திங்களில் மீண்டனர். இடையே, ஜனவரித் திங்களில், தென் பசிபிக் கடலில் 'நீமோ முனை' என்னும் இடத்தைக் கடந்தனர். நிலத்திலிருந்து அதைவிடத் தொலைவான இடம் கடலில் வேறில்லை. அதற்கு மிக அருகில் உள்ள நிலங்களுள் ஒன்று டூசி என்னும் ஆளற்ற பொலினீசியப் பவழத்தீவு; அதுவும் ஏறத்தாழ 2,690 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது.

கடலில் தீவு தானே வந்து தோன்றுவதில்லை. அறிந்தவன் கண்ணுக்கே அது தோன்றும். நின்ற முகிலும், திரும்பும் பறவையும், எழும் மீனும் எல்லார்க்கும் பொதுவானவை. அவற்றின் பொருளை ஒருவர் கற்பிக்க, மற்றொருவர் கற்க வேண்டும். உங்கள் ஊரிலும் கலம் கட்டுவோர், வலை பின்னுவோர், ஏரியின் மடையைக் காத்து நீர் பங்கிடுவோர் என முதியோர் பலர் இருக்கலாம். அவர்கள் அறிந்தவை எந்நூலிலும் இல்லாதிருக்கலாம். அவர்களிடம் சென்று கேளுங்கள்; கேட்டதை எழுதி வையுங்கள். அன்னபூரணியைக் கட்டியவர்க்கு நாம் செய்யத் தவறிய கடனை, எஞ்சியுள்ளோர்க்கேனும் செய்வோமாக.

வினாக்கள்

1. அன்னபூரணி கொழும்பிலிருந்து குளோஸ்டர் வரை சென்ற வழியை உலகப் படத்தில் குறித்துக் காட்டுக.
2. துவாமோத்துத் தீவுகளை மாலுமிகள் அஞ்சியது ஏன்?
3. பொலினீசியர் கருவியின்றி வழி கண்ட முறைகளைத் தொகுத்து எழுதுக.
4. நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே இராப்பலகையால் துருவமீனை அளக்க இயலுமா? காரணம் கூறுக.
5. மவ் பியாய்லுக் தம் அறிவைப் பிறருக்குக் கற்பித்தது சரியே என்பது பற்றி உன் கருத்தை எழுதுக.